குறிப்பேடு: ஏழாவது மாதம்

ஏழு மாதங்களில் 64 பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. நினைவில் வைத்துக்கொள்ளத் தக்க தகவல் எது கண்ணில் பட்டாலும் எழுதிவைப்பது என்று தொடங்கிய நோட்டு இது. முதல் இரண்டு மாதங்கள் கிட்டத்தட்ட வீண். "ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள்" என்று ஒற்றை வரிகளாக எழுதித் தள்ளியிருந்தேன். பிறகு புரட்டியபோது பாதி வரிகள் வேறு யாரோ எழுதியவைபோல் இருந்தன. ஏன் மூன்று என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து, காரணம் புரியாத தகவலை நோட்டில் ஏற்றுவதில்லை. அந்த வரி இப்போது இப்படி வளர்ந்திருக்கிறது: "இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு இரத்தத்தைத் தள்ளும், மூன்றாவது உடல் முழுவதற்கும். நீந்தும்போது இந்த மூன்றாவது நின்றுவிடும். அதனால் சீக்கிரம் களைத்துப்போகும். இரத்தம் நீல நிறம், ஆக்சிஜனைச் சுமப்பதில் இரும்புக்குப் பதில் செம்பு." எழுதிய நாளிலிருந்து ஒரு சொல்லும் மறக்கவில்லை.

அடுத்த தொல்லை, எழுதியதைத் தேடி எடுப்பது. தத்துவ அறிஞர் ஜான் லாக் 1686-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ஒரு முறை கைகொடுத்தது. தலைப்புச் சொல்லின் முதல் எழுத்து, அதற்குப் பின் வரும் முதல் உயிரெழுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கட்டம்; அதில் பக்க எண். இதைத் தமிழுக்கு மாற்ற உட்கார்ந்தபோது மனம் துள்ளியது. அவர் இரண்டு எழுத்துகளைத் தேடிச் சேர்த்ததை நம் உயிர்மெய் ஒரே எழுத்தில் வைத்திருக்கிறது! வெள்ளிக் கோளா, "வெ" கட்டம். கடைசி இரண்டு பக்கங்களில் மேலே உயிர்களையும் பக்கவாட்டில் மெய்களையும் எழுதிக் கோடு போட்டேன். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத ட, ர, ல மூன்றுக்கும் வரிசை ஒதுக்க வேண்டியிருந்தது. டைனோசரும் ரேடியமும் வேறெங்கே போகும்?

அந்த "வெ" கட்டம்தான் பெரிய பாடம் நடத்தியது. வெள்ளி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 243 நாட்கள், சூரியனைச் சுற்ற 225 நாட்கள். ஆகவே அங்கே ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளம் என்று எழுதியிருந்தேன். ஆனால் வெள்ளி எதிர்த்திசையில் சுழல்கிறது. அதனால் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 117 நாட்கள்தான். நம்பாமல் கணக்குப் போட்டேன். 225-இல் ஒரு பங்கையும் 243-இல் ஒரு பங்கையும் கூட்டினால் ஏறக்குறைய 117-இல் ஒரு பங்கு வருகிறது. இரண்டு எண்களும் சரி. "நாள்" என்ற சொல்லைத்தான் நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து வலப்பக்கத்தில் மட்டுமே எழுதுகிறேன், இடப்பக்கம் திருத்தங்களுக்கு. சார்லஸ் டார்வின் தம் கொள்கைக்கு எதிரான உண்மையைக் கண்டால் உடனே குறித்துவைப்பார். சாதகமானவற்றைவிட அவைதாம் எளிதில் மறந்துபோகும் என்று அனுபவத்தில் கண்டவர் அவர். என் இடப்பக்கங்களில் இதுவரை 11 திருத்தங்கள். நோட்டிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

இப்போது பழைய ஒற்றை வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் 41 மீதம். அடுத்தது பக்கம் 9: தேன் ஏன் எளிதில் கெடுவதில்லை?