ரேக் காலில் போட்ட சாக்பீஸ் கோடு

கருமத்தம்பட்டிக்கும் அவிநாசிக்கும் நடுவில், சேலம் நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் அந்தக் குடோன் வரும். இரண்டு லட்சம் சதுர அடி. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிற நூல் மூட்டைகளும் துணி ரோல்களும் அங்கே இறங்கி ஏறும். வைஃபையையும் கேபிளையும் முழுசாக மாற்றித் தரச் சொல்லி எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் காலை அலுவலக அறையில் உட்கார்ந்து கட்டட வரைபடத்தைப் பார்த்தோம். "சிக்னல் எல்லாம் இருக்குதுங்க, ஆனா ஸ்கேனர் நின்னு நின்னு போகுதுன்னு ஆளுங்க சொல்றாங்க" என்றார் மேலாளர். அவர் மேசை லேப்டாப்பில் சிக்னல் முழுதாகக் காட்டியது. நேர் மேலே கூரையில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை சிக்னலை அனுப்பி வாங்குகிற பெட்டி, இருந்தது.

சரி என்று உள்ளே நடந்தேன். பதினேழாவது வரிசையில் ஓர் அக்கா மூட்டைகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். லேபிளை அடித்துவிட்டு, ஸ்கேனரைப் பிடித்தபடி நான்கு எட்டு நடந்து ரேக்கின் இரும்புக் காலுக்குப் பக்கத்தில் நின்றார். பீப் என்று சத்தம் வந்ததும் திரும்பி வந்து அடுத்த மூட்டையை அடித்தார். மறுபடியும் அதே நான்கு எட்டு.

"ஏனுங்க்கா, அங்க போய் நிக்கறீங்க?"

ரேக் காலைக் காட்டினார். துணியில் குறி போடுகிற தையல் சாக்கால் ஒரு சின்னக் கோடு. "இங்க நின்னாத்தான் எடுக்குது தம்பி. அங்கியே நின்னா சுத்திக்கிட்டே கெடக்கும். புதுசா வர்ற புள்ளைங்களுக்குத் தெரியோணுமில்ல, அதான் கோடு போட்டு வெச்சிருக்கறோம்."

அவர் மட்டும் போட்டதில்லை. வரிசை வரிசையாக நடந்து பார்த்தால் வெள்ளையில், நீலத்தில், ரோஸில் கோடுகள். ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்கிற பையன்கள் கோட்டுக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அன்று முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. 61 இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். மறுநாள் அளவுக் கருவியோடு அதே இடங்களில் நின்றபோது, கருவி காட்டியதும் சாக்பீஸ் காட்டியதும் ஓரிரண்டு இடம் தவிர ஒத்துப்போயின. ஒரு ஷிப்டுக்கு 400 மூட்டை என்றார் அந்த அக்கா. மூட்டைக்கு நான்கு எட்டு போக, நான்கு எட்டு வர. 3,200 எட்டு. நெட்வொர்க்கின் குறையை ஒரு மனுஷி தன் காலால் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. சிக்னலை அளக்க வேண்டிய இடம் வேலை செய்கிறவர் கைதான் என்பதை அன்றைக்குத்தான் முழுசாக ஏற்றுக்கொண்டேன்.

அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் வேறொரு நூல் குடோனில் எங்கெங்கே சிக்னல் கிடைக்கிறது என்று நான் அளந்து சர்வே செய்தேன். பொங்கல் விடுமுறை, குடோன் பாதி காலி, யாருடைய இடைஞ்சலும் இல்லை. வசதியாக இருந்தது. மூலைக்கு மூலை சிக்னல் கிடைத்தது. பாதி ஆக்சஸ் பாயிண்டே போதும் என்று எழுதிக் கொடுத்தேன். சித்திரையில் சரக்கு நிரம்பியதும் நடுவில் இருந்த வரிசைகள் செத்துப்போயின. பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். சாதாரணமாகவே அதன் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும் என்பதுதான் நூல் வியாபாரத்தில் எல்லோரும் வைக்கிற கணக்கு. 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய நாலு லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கும். ஆயிரக்கணக்கில் மூட்டைகளை அடுக்கினால் அலைக்கு நடுவே ஒரு குளத்தைக் கட்டி நிறுத்தியது மாதிரிதான். போதாததற்கு இரும்பு ரேக்குகள் அலையைத் திருப்பி அடிக்கும். அந்தத் தவறு என்னுடையது. அங்கே மூன்று மாதம் ஆட்கள் பட்ட சிரமத்துக்கும் நான்தான் பொறுப்பு. அதற்குப் பிறகு காலிக் குடோனில் நான் அளந்ததில்லை.

இங்கே இருந்த பழைய அமைப்புக்கு வருகிறேன். 22 ஆக்சஸ் பாயிண்டுகள், தரையிலிருந்து 11 மீட்டர் உயரத்தில், கூரை ட்ரஸ்ஸில் தொங்கின. எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பட்டையில், முழுச் சக்தியில். "பவரைக் கூட்டி வெச்சா தூரம் போகுமே" என்று மேலாளர் கேட்டார். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியைத்தான் அவருக்கு உதாரணம் சொன்னேன். கோயிலில் கட்டிய ஒலிபெருக்கி மூன்று மைல் கேட்கும். ஆனால் நம் தோட்டத்திலிருந்து கத்தினால் கோயிலில் இருப்பவருக்குக் கேட்காது. ஆக்சஸ் பாயிண்ட் கத்துகிறது, ஸ்கேனருக்குக் கேட்கிறது, திரையில் சிக்னல் முழுதாகத் தெரிகிறது. சின்ன பேட்டரியில் ஓடுகிற ஸ்கேனர் பதில் சொன்னால் மேலே போய்ச் சேருவதில்லை. திரையில் வட்டம் சுற்றுவது அதனால்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு பட்டையைப் பல தடங்களாகப் பிரிப்பதைத்தான் சேனல் என்கிறோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. 22 பேர் மூன்றே சேனலில் ஒரே கூரையடியில் முழுக் குரலில் பேசினால் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பெரும்பகுதி 2018-இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அதில் சேனலுக்குப் பஞ்சமில்லை. ஸ்கேனர்கள் எல்லாம் அதற்கு மாறின. வேகம் வேண்டும் என்று சேனலை அகலமாக்கவும் இல்லை. ஒரு பார்கோடுக்கு எதற்கு அத்தனை வேகம்? 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும். மிகக் குறைந்த வேகங்களையும் அணைத்துவிட்டோம். அவை இருக்கும் வரை ஸ்கேனர் முதலில் பிடித்த ஆக்சஸ் பாயிண்டை விடாது, ஐந்து வரிசை தாண்டிப் போனாலும் அதன் வாலையே பிடித்துக்கொண்டிருக்கும்.

மிக முக்கியமான மாற்றம் இடத்தில்தான். இரண்டு ரேக்குகளுக்கு நடுவே நீண்டு போகிற வழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தோட்டத்து இட்டேரிதான் ஞாபகம் வரும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். இட்டேரியின் ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறு முனைக்குக் கேட்கும், வேலி தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குச் சரியாகக் கேட்காது. அந்த வேலியை எதிரியாக நினைக்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம். வரிசைகளின் முனையில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரே திசையில் வீசும் ஆன்டெனாக்களை வழிக்குள் பார்த்தபடி வைத்தோம். சக்தியைக் குறைத்தோம். தொலைவில் உள்ள கீழ்த்தட்டில், மூட்டை நிறைந்திருக்கும்போது, குனிந்து ஸ்கேன் செய்கிற கையில் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் பலத்தைச் சொல்லும் அலகு) கிடைக்க வேண்டும் என்பதுதான் நான் வைத்த அளவு.

கேபிளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வைஃபை கெட்டுப்போனால் வைஃபையைத் திட்டுகிறோம், அதற்குப் பின்னால் இருக்கிற வயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாலை நேரத்தில் கோடிப் பக்கத்து ஆக்சஸ் பாயிண்டுகள் தானாக அணைந்து மறுபடி உயிர்பெற்றன. கேபிளின் நீளத்தை அளந்தால் 130 மீட்டர். விதி 100 மீட்டர்தான், அதிலும் சுவரில் நிலையாக ஓடுவது 90. ஒரு துண்டை வெட்டிக் கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசிய கம்பி. மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது அல்லவா? கேபிள்களை ஒன்றுசேர்க்கிற நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து 30 வாட் கிளம்பினால் 100 மீட்டர் தாண்டி 25.5 வாட் கிடைக்கும் என்பது சுத்தமான தாமிரத்துக்குப் போட்ட கணக்கு. பகல் முழுக்கத் தகரக் கூரையடியில் வெந்த கம்பியில் தடை இன்னும் ஏறும். வேலை அதிகமாகி ஆக்சஸ் பாயிண்ட் கூடுதல் மின்சாரம் கேட்கும்போது அது கிடைக்காமல் அணைந்துவிடும்.

பழைய கேபிளையே வைத்துக்கொள்ள முடியாதா என்று முதலாளி கேட்டிருந்தார். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டி மேலே வந்தவர். அந்தத் துண்டை அவர் கையில் கொடுத்தேன். நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நூல்ல கவுண்ட் மாத்திக் குடுத்தா தடவிப் பார்த்தே சொல்லிருவனுங்க. இதுல ஏமாந்திருக்கறமே" என்றார். அதற்கப்புறம் கேபிளைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுத்தத் தாமிரத்தில் கேட்-6ஏ ரகக் கேபிள் வாங்கினோம்.

தூரத்தைச் சமாளிக்க மூன்று இடங்களில் ஸ்விட்ச் மாட்டுகிற சின்ன ரேக் வைத்து, சர்வர் அறையிலிருந்து அவற்றுக்கு ஃபைபர் எனும் கண்ணாடி இழைக் கேபிள் இழுத்தோம். எந்த ஆக்சஸ் பாயிண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் போகவில்லை. முற்றத்தைத் தாண்டிப் பழைய கட்டடத்துக்கு வெட்டவெளியில் ஒரு தாமிரக் கேபிள் போயிருந்தது. கோடை மழையில் இடி விழும்போதெல்லாம் அந்த ஸ்விட்சின் போர்ட்டுகள் கருகியிருந்தன. இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். அங்கேயும் மண்ணுக்கடியில் ஃபைபர் போட்டோம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறி வராது.

நூல் குடோனில் வேலை செய்வதற்கென்று சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பறக்கிற பஞ்சில் ஒரு பொறி பட்டால் போதும், அதனால் இரும்புக் குழாய் அறுப்பதையெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டோம். தீயணைப்புத் தண்ணீர்க் குழாயில் கேபிளைக் கட்டக் கூடாது. கைக்கு எட்டுகிற இடத்தில் அதுதான் இருக்கும், கட்டிவிடலாம் என்று தோன்றும், இருந்தும் கூடாது. எலி பிளாஸ்டிக் குழாயைக் கடித்துவிடும் என்பதால் கேபிள் கீழே இறங்குகிற இடமெல்லாம் ஜிஐ எனும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். விசிறி வைத்த ஸ்விட்சில் ஆறே மாதத்தில் பஞ்சு தலையணை மாதிரி அடைத்திருந்தது. விசிறி இல்லாத ஸ்விட்சுகளை வாங்கி, கூரைச் சூட்டில் வைக்காமல் கீழே, ஆள் துடைக்க எட்டுகிற உயரத்தில் மாட்டினோம்.

கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து வந்த பயிற்சிப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். கை வேகம். முதல் நாள் அவன் முடித்த 24 இணைப்புகளில் சோதனைக் கருவி ஒன்பதைத் தள்ளிவிட்டது. முகம் வாடிப்போனான். கம்பிகள் சரியான நிறவரிசையில்தான் இருந்தன. பிழை முறுக்கில். முறுக்கிய ஜோடியை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. அந்த முறுக்குதான் ஒரு ஜோடியின் பேச்சு இன்னொன்றில் கலக்காமல் காக்கிறது. அவன் வசதிக்காக ஒன்றரை அங்குலம் பிரித்திருந்தான். இழுக்கும்போதும் 11 கிலோ பலத்துக்கு மேல் இழுத்தால் அந்த முறுக்கு உள்ளுக்குள் கலைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. "அண்ணா, ஒன்பதையும் நானே மறுபடி போடறேன்" என்று இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து போட்டான். ஒன்பதும் தேறின. அந்தப் பையன்மேல் எனக்கு ரொம்ப மரியாதை.

ஒரு சனி இரவு தொடங்கி திங்கள் விடிவதற்குள் பழையதை அணைத்துப் புதியதுக்கு மாற்றினோம். அதில் சொல்ல அதிகமில்லை. ஞாயிறு மதியம் கேன்டீன் அம்மா சுடச்சுட அரிசிம்பருப்புச் சாதம் போட்டு நெய் ஊற்றினார். திங்கள் காலை ஷிப்டில் எதுவும் நிற்கவில்லை.

ஆடி மாதம் சரக்கு கூரை வரை நிறைந்திருந்தபோது மறுபடி போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கணினியில் எல்லா ஆக்சஸ் பாயிண்டும் பச்சை. அலுவலகத்தில் எல்லோரும் திருப்தி. நான் நேராகப் பதினேழாவது வரிசைக்குப் போனேன். அந்த அக்கா நின்ற இடத்திலேயே நின்று ஸ்கேன் செய்தார். "இங்க ஒண்ணும் குறையில்லீங் தம்பி. இருபத்தி மூணுக்கு வாங்க" என்று கூட்டிப்போனார்.

இருபத்து மூன்றாவது வரிசையின் கோடியில், சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி ரோல்களை வழி ஓரத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். வரைபடத்தில் அப்படி ஓர் அடுக்கே இல்லை. ரேக் காலில் புதிதாக ஒரு ரோஸ் கோடு.

ஏணியைக் கொண்டுவரச் சொன்னேன். எதிர்முனை ஆன்டெனாவை ஓரடி உயர்த்தி, கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினோம். பையன் மேலே நின்று திருகாணியை முறுக்க முறுக்க, கீழே அக்கா கீழ்த்தட்டு மூட்டைக்கு முன்னால் குனிந்து ஸ்கேன் செய்து பார்த்தார். முதல் இரண்டு முறையும் சுற்றியது. "இன்னுங் கொஞ்சம் கீழ பாக்கட்டும் கண்ணு" என்றார். மூன்றாவது முறை பீப் என்றது. பின்னால் நகர்ந்து, ரோல்களுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு முறை, மூலையில் போய் ஒரு முறை. இரண்டும் எடுத்தன.

திரும்பி வந்து, முந்தானை நுனியால் ரேக் காலைத் துடைத்தார்.