ஞாயிற்றுக்கிழமை சாஷே

பதினாலு, பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கால் வலி, சோர்வு, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால், டாக்டர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் வைட்டமின் டி-யும் பெரும்பாலும் இருக்கும். முதல் சறுக்கல் லேப் கவுண்டரிலேயே நடக்கும். பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, அதாவது உடலில் டி எவ்வளவு இருப்பு என்று காட்டும் அளவு. பெயர்க் குழப்பத்தில் 1,25-டைஹைட்ராக்சி என்று பில் போட்டுவிடுவார்கள். குறைபாடு இருக்கும்போதே அது நார்மலாகவும் வரும், கூடுதலாகவும் வரும். டி குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பிடிஎச் ஹார்மோனைக் கூட்டும். அது சிறுநீரகத்தை விரட்டி, மிச்சமிருக்கும் டி-யை 1,25 ஆக மாற்ற வைக்கும். எலும்பிலிருந்தும் கால்சியத்தை உருவும்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடும் பெண்ணாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி, ரத்தம் எடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில லேப் முறைகளில் அது டி-யை ஏற்றியும் தைராய்டு நிலையைச் சொல்லும் டிஎஸ்எச்-ஐ இறக்கியும் காட்டிவிடும். ரிப்போர்ட்டில் எலும்பிலிருந்தும் வரும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் கூடுதல் என்று தடித்த எழுத்தில் வந்திருந்தால் உடனே பதற வேண்டாம்; வளரும் பிள்ளைக்கு அது பெரியவர்களைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

25-ஹைட்ராக்சி டி, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் வழக்கமாக எழுதுவது 60,000 யூனிட் சாஷே, வாரம் ஒன்று, 6 முதல் 8 வாரம். ஒரு கிராம் பவுடர்தான். சாப்பாட்டுக்குப் பிறகு, ஆடை எடுக்காத பாலில் கலக்கிக் கொடுங்கள். கொழுப்பு இருந்தால்தான் நன்றாக உள்ளே போகும். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்துவிடுங்கள். வார மருந்தைத் தினமும் கொடுத்துவிடுவதுதான் இதில் நடக்கிற மோசமான தவறு. வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

டி மட்டும் கொடுத்தால் போதாது. இந்த வயதில் நாளுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 350 கிட்ட, 200 மில்லி பாலில் 240 கிட்ட. கால்சியம் மாத்திரை எழுதியிருந்தால் இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரமும் தள்ளிக் கொடுக்கவும்.

"காலை ஆறரை வெயிலில் தினமும் நிற்கிறாளே!" என்பார்கள். அந்த இளவெயிலில் தேவையான புற ஊதா பி கதிர் அநேகமாக இருக்காது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் கணக்கு. ஸ்கூல் வேன் கண்ணாடி வழியாக விழுவதும் சேராது.

இனி மாதவிலக்கு. பிசிஓஎஸ் (மாதவிலக்கைத் தள்ளிப்போட வைக்கும் ஹார்மோன் கோளாறு) உள்ள பெண்களில், அதுவும் உடல் எடை கூடியவர்களிடம், டி குறைவாக இருப்பது சகஜம். டி கொழுப்பில் போய்த் தங்கிவிடும். அதற்காக சாஷே முடிந்ததும் மாதவிலக்கு சீராகிவிடும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. வயதுக்கு வந்து முதல் வருடம் முன்பின்னாக வருவது இயல்பு. அதன்பின், வயதுக்கு வந்து மூன்று வருடம் ஆகும் வரையிலான காலத்தில், 21 நாளுக்குள்ளோ 45 நாள் தாண்டியோ வந்துகொண்டிருந்தால் டிஎஸ்எச், புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஆண் ஹார்மோன் அளவு பார்க்க வேண்டும். பூப்பெய்தி எட்டு வருடத்துக்குள் ஸ்கேனில் தெரியும் நீர்க்கட்டிகளை வைத்து பிசிஓஎஸ் என்று முத்திரை குத்தக் கூடாது. அந்த வயதுச் சினைப்பையில் சின்னச் சின்னக் கருமுட்டைப் பைகள் நிறைய இருப்பது சாதாரணம்.

மூன்று மாதம் கழித்து 25-ஹைட்ராக்சி டி-யை மறுபடி பாருங்கள், அதே லேபில். லேபுக்கு லேப் முறை மாறுவதால் எண்ணும் மாறும்.