டுனாபுனா சந்தையும் மரச்சீனிக் கிழங்கும்

நாகர்கோவில் பக்கமிருந்து யாராவது கரீபியன் தீவான ட்ரினிடாடுக்கு வருவதாக இருந்தால் நான் முதலில் சொல்வது, சாப்பாட்டை நினைத்துக் கலங்காதீர்கள், இங்கே மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தாராளமாகக் கிடைக்கும் என்பதைத்தான். வெயில், மழை, தென்னை எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருக்கும், அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். வயிறுதான் பழக நாளாகும்.

நாங்கள் இருப்பது செயின்ட் அகஸ்டினில், டுனாபுனா சந்தை பக்கம்தான். மரச்சீனி, சேம்பு, காச்சில், சர்க்கரைவள்ளி, கூடவே பச்சை வாழைக்காய், எல்லாவற்றையும் குவித்து வைத்து பவுண்டு கணக்கில் விற்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து பிராவிஷன் என்று பெயர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், கரும்புத் தோட்டத்தில் வேலை முடிந்த பிறகு, முதலாளி ஒதுக்கிக் கொடுத்த துண்டு நிலத்தில் தங்கள் வயிற்றுக்காகப் பயிரிட்ட உணவு இது. 1845-இல் முதல் கப்பலில் இந்தியக் கூலிகள் வந்து இறங்கியபோது இந்த மண்ணில் இதெல்லாம் வேரூன்றியிருந்தது. மரச்சீனி அதற்கும் மூத்தது, கொலம்பஸ் 1498-இல் இந்தத் தீவைப் பார்ப்பதற்கு முன்பே இங்குள்ள பழங்குடிகள் அதைத்தான் தின்றார்கள். நமக்குத்தான் அது புதுசு. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா முனைந்து பரப்பிய பிறகுதான் நம் வீட்டு அடுப்புகளில் நிலையாக ஏறியது.

வாங்கும்போது கிழங்கின் முனையை நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள், தயங்காமல் காட்டுவார்கள். “காலைல தோண்டினது, டார்லிங்” என்பார்கள் (இங்கே எல்லோரும் எல்லோருக்கும் டார்லிங்தான்). உள்ளே பால் வெள்ளையாக இருந்தால் எடுக்கலாம், நீலக்கறுப்புக் கோடு ஓடியிருந்தால் வேண்டாம். தோண்டி இரண்டு மூன்று நாளிலேயே அந்தக் கோடு விழத் தொடங்கிவிடும்.

விரல் நீளத்துக்குத் துண்டு போட்டு, தோலில் நெடுக ஒரு கீறல் போட்டுக் கத்தி முனையால் நெம்பினால், மேலே உள்ள பழுப்புத் தோலும் அடியில் உள்ள தடித்த ரோஸ் தோலும் ஒன்றாகச் சுருண்டு வந்துவிடும். நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் குழம்பு வைக்க நினைக்காதீர்கள், கிழங்கில் இருக்கும் நஞ்சில் கொஞ்சம் அதில்தான் இறங்கியிருக்கும். வெந்ததும் நடு நாரை உருவிவிட்டு, வாணலியில் எண்ணெய், வெங்காயம், நசுக்கிய பூண்டு, பிமென்டோ மிளகாய் போட்டு வதக்கி, கிழங்கைப் போட்டு ஓரம் லேசாக முறுகும்வரை பிரட்ட வேண்டும். பிமென்டோவைப் பார்த்தால் காரமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் வாசனைதான், காரம் பேருக்குத்தான் இருக்கும். இறக்கும்போது ஷாடோ பெனி இலை: ஓரம் முள்முள்ளாக நீண்ட இலை, கொத்தமல்லி வாசனைதான், ஆனால் பல மடங்கு. கடைசியாக எலுமிச்சை பிழிந்தால் சரி.

தாளிக்க வேண்டாம், மஞ்சள் வேண்டாம், தேங்காய் வேண்டாம். எனக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஒருமுறை நம்ம ஊர் மசியலைக் கிளறி, சாளைக்குப் பதில் கிடைத்த மீனில் குழம்பு வைத்துப் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கொடுத்தேன். குழம்பை வழித்துச் சாப்பிட்டார். மசியலைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு, ஆனா பல் முளைக்காத பிள்ளைக்குத்தானே இப்படிப் பிசைவாங்க?” என்றார். மசியல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை, அவரும்தான்.

இதற்குத் தொட்டுக்கொள்ள புல்ஜோல். உப்பு மீனை ஊறவைத்து, வேகவைத்து, உதிர்த்து, தக்காளி, வெங்காயம், மிளகாய் சேர்த்து எண்ணெய் விட்டுப் பிசறுவது. மீனை முந்தின இரவே தண்ணீரில் போட்டு ஒருமுறையாவது தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாத உப்பாக இருக்கும். மிஞ்சிய கிழங்கு கெட்டியாகிவிட்டால் மறுநாள் அதை எண்ணெயில் பொரிக்கலாம், எங்கள் வீட்டில் அதற்காகவே கூடுதலாக ஒரு பவுண்டு வாங்குகிறோம்.