ஓட்டையைப் பார்க்காதே, புள்ளியைப் பார்

கோவையில் ஒரு ஆய்வகத்தில் பல வருடமாகத் திசு சீவி ஸ்லைடு போடுகிறேன். கல்லீரலில் ஊசி விட்டு எடுத்த துண்டு, நூல் மாதிரிதான் வரும். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றினால் ஃபேட்டி லிவரில், அதாவது கொழுப்பு படிந்த கல்லீரலில், வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள் தெரியும். கொழுப்பு இருந்த இடம் அது, பதப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் அதைக் கரைத்துவிடும். சேர்ந்த புதிதில் அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான் பயந்தேன். "ஓட்டையை விடுங்க, அதுக்குப் பக்கத்துல கூடியிருக்கற கருநீலப் புள்ளியைப் பாருங்க" என்றார் எங்கள் டாக்டரம்மா.

அந்தப் புள்ளிகள் நம் எதிர்ப்பு அணுக்கள். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வருவதால், கூடவே வரும் கிருமித் துணுக்குகளைப் பிடித்துத் தின்ன குஃப்பர் செல்கள் அங்கேயே குடியிருக்கின்றன. கொழுப்பு மிகுந்து திணறி கல்லீரல் செல்கள் உப்பிச் சிதையும்போது, இவை அதையும் தாக்குதல் என்றே எடுத்துக்கொண்டு, டிஎன்எஃப் போன்ற அபாய மணி ரசாயனங்களைக் கக்கி ரத்தத்திலிருந்து இன்னும் படையைக் கூப்பிடும். கொல்ல எதிரி இல்லை, ஆனாலும் சண்டை வருடக்கணக்கில் ஓயாது. அப்புறம், வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சும்மா இருந்த நட்சத்திர வடிவ செல்கள்கூட வடு நார் நெய்யத் தொடங்கிவிடும். ட்ரைக்ரோம் சாயத்தில் அந்த நார் நீலமாக, ஒவ்வொரு செல்லையும் சுற்றி, பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைக் கம்பிவலை போலவே தெரியும். முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சோமனூரில் தறி போட்டிருக்கும் அண்ணன், கிரேடு 1 ஃபேட்டி லிவர் என்று வந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். "அட, அது எல்லாத்துக்கும் இருக்கறதுதான் அம்மணி. நாந்தான் குடிக்கறதே இல்லையே."

குடிக்காதவர்களுக்கும் குடிகாரர் கல்லீரல் போலவே ஆவதை 1980-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் குழுவினர் எழுதிவிட்டார்கள். ஸ்கேன் கொழுப்பைத்தான் காட்டும், புள்ளிகளைக் காட்டாது. நிறைய பேருக்குக் கொழுப்போடு நின்றுவிடுகிறது என்பதும் உண்மை, ஆனால் அண்ணனுக்கு நின்றுவிட்டதா என்று அந்தக் காகிதத்தை வைத்து யார் சொல்வது?

"இல்லீங்கண்ணா" என்று உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். எடையில் 7 சதவீதம் குறைந்தால் பலருக்கு அந்தச் சண்டை, அதாவது அழற்சி, தணிகிறது, 10 சதவீதம் குறைந்தால் வடுகூடத் தளரக்கூடும் என்றதும் நிமிர்ந்தார். ராத்திரி ஷிப்டில் டீயோடு பன் தின்பதை முதலில் விட்டார். 82 கிலோ இருந்தவர் இப்போது 76. அடுத்த மாதம், வடுவால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போகிறேன்.