ஒழுகுவதற்கென்றே ஒரு துளை

பட்டறையில் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒழுகுகிறது என்றால் அடைக்க வேண்டும். அப்போது எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். நிறுத்துகிற இடத்திலெல்லாம் பச்சை நிறத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர்) சொட்டுகிறது என்று ஒரு கார் வந்தது. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹோஸ் எல்லாம் காய்ந்து கிடந்தது. அந்தத் தண்ணீரை எஞ்சினுக்குள் சுற்றவிடுகிற வாட்டர் பம்பில், பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லிக்குப் பின்னால், பம்பின் உடம்பிலேயே, தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. சொட்டு அதிலிருந்துதான். வார்ப்பில் விழுந்த ஓட்டை என்று முடிவுகட்டினேன். துடைத்து, காயவிட்டு, எபாக்ஸிப் பசையைப் பிசைந்து உள்ளே திணித்தேன். அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டும் ஒரு சொட்டு இல்லை. தலைமை மெக்கானிக் அண்ணன் அன்று வெளியே போயிருந்தார். அவர் வந்த பிறகும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

மூன்றாவது வாரம் அதே காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பம்பின் பேரிங் இறுகி, புல்லி சுற்றாமல் நின்று, பெல்ட் கருகி அறுந்திருந்தது. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான் என்பதால், டாஷ்போர்டில் முதலில் எரிந்தது பேட்டரி விளக்கு. பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியவர் நிறுத்தாமல் வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பம்ப் நின்றதால் எஞ்சின் கொதித்து, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

அண்ணன் பம்பைக் கழற்றி மேசையில் வைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் என் எபாக்ஸியை நெம்பி எடுத்தார். உள்ளிருந்து காவி நிறத்தில் துருத் தண்ணீர் ஓடியது.

"யார் வேலை இது?"

"நான்தாண்ணே."

திட்டுவார் என்று நின்றேன். புல்லியைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். நறநறவென்று கால் சுற்று போய் நின்றது. அப்புறம் உட்காரவைத்து விளக்கினார். ஒரே தண்டு, ஒரு முனையில் கூலன்ட்டைத் தள்ளுகிற இம்பெல்லர், மறுமுனையில் புல்லி. நடுவில் தண்டைத் தாங்குவது பேரிங். பேரிங்குக்குள் கிரீஸ், இந்தப் பக்கம் தண்ணீர். இரண்டும் சேரக் கூடாது. அதற்குக் காவல் ஒரு சீல். கார்பன் முகமும் செராமிக் முகமும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலுக்கு வழவழப்பு கூலன்ட்டேதான், வேறு எண்ணெய் கிடையாது. அதனால் துளி அளவு ஈரம் எப்போதும் கசியும். சீல் தேய்ந்தால் சொட்டாகும். அது பேரிங்குக்குள் போகாமல் வெளியே விழட்டும் என்றுதான் இரண்டுக்கும் நடுவில் துளை போட்டிருக்கிறார்கள். வீப் ஹோல். நான் அதை அடைத்ததால், வெளியே விழ வேண்டிய தண்ணீர் மூன்று வாரமும் பேரிங்கைத் தின்றிருக்கிறது.

துளையைச் சுற்றி வெள்ளையாகக் கொஞ்சம் உப்புப் பூத்திருந்தால் நான் இப்போதும் பம்பைக் கழற்றச் சொல்வதில்லை. கண்ணெதிரே சொட்டினால், அல்லது எஞ்சின் நின்றபின் புல்லியை ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், பேச்சே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் வெளியே காய்ந்திருக்கிறது என்பதற்காக உள்ளே நன்றாக இருப்பதாகவும் சொல்லிவிட முடியாது. வெறும் குழாய்த் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் ஓடிய ஒரு பம்பைக் கழற்றியபோது, இம்பெல்லர் இதழ்கள் பாதிக்கு அரித்துப் போயிருந்தன. இன்னொன்றில் பிளாஸ்டிக் இம்பெல்லர் விரிசல் விட்டு, தண்டு மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டிலும் தரையில் ஒரு துளிகூட விழவில்லை.

எஞ்சின் வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்குகிற டைமிங் பெல்ட்டே பம்பையும் சுற்றுகிற எஞ்சின் என்றால், பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுங்கள் என்பேன். "நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். வேலை பிடிப்பதாகச் சொல்கிறோம் என்ற சந்தேகம் முகத்தில் தெரியும். பம்பை எட்டுவதற்கு மறுபடி அத்தனையையும் பிரிக்க வேண்டும் என்பதைக் கழற்றிய பாகங்களைக் காட்டித்தான் புரியவைக்க முடியும்.

சரி, அந்தக் காருக்கு வருகிறேன். புதுப் பம்பை அண்ணன் என்னையே மாட்டச் சொன்னார். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, கழற்றிய இடத்துக்கு நேராக ஒவ்வொரு போல்ட்டையும் குத்திவைக்கச் சொன்னார். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் விட்டு முடுக்கினால் அலுமினிய பிளாக் விரிசல் விட்டுவிடும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டத்தான் பாதி நாள் போனது. இரும்புச் சுரண்டியை எடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு பிளாஸ்டிக்கைக் கொடுத்தார். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே கசியும். கசிவை அடைக்கிற சீலன்ட் பசையைத் தாராளமாக அப்பலாம் என்று நினைத்தேன், அதற்கும் விடவில்லை. பிதுங்கி உள்ளே விழுகிற துண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாயில் போய் அடைக்குமாம். பெல்ட்டை மட்டும் அவரே இழுத்துப் பார்த்தார். ரொம்ப விறைப்பாக இருந்தால் அதுவே பேரிங்கைக் கொன்றுவிடும்.

ஹெட் வேலை முடிந்து, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். ஊற்றினால் போதாது, உள்ளே மாட்டிய காற்று வெளியே வர வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். குமிழி குமிழியாக வந்து மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்தேன். "டெம்பரேச்சர் முள் நடுவில் நிக்குதேன்னு நம்பிடாதே. சென்சார் தண்ணிக்குள்ள இல்லேன்னா அது பொய் சொல்லும். ஹீட்டர்ல சூடா காத்து வருதான்னு பாரு" என்றார். வந்தது. மூடியைப் போட்டோம்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். புதுப் பம்பின் துளையிலிருந்து ஒரு சொட்டு. இன்னொன்று. கை தானாகத் துணியை எடுத்தது.

"துணியை வை. புது சீல், முகம் ரெண்டும் இன்னும் பொருந்தல. கொஞ்ச நேரம் ஓடட்டும், தள்ளி வா."

தள்ளி நின்றேன். பத்து நிமிடம் கழித்து அவரே டார்ச்சைக் கையில் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். துளையின் உதட்டில் இருந்த ஈரம், எஞ்சின் சூட்டில் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டிருந்தது.