வெடிக்காமல் கிடக்கும் குழி

2025 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து நம் நாட்டில் எலக்ட்ரிக் கேப்பு, அதாவது வெடிமருந்தைக் கரண்டால் வெடிக்க வைக்கிற டெட்டனேட்டர், தயாரிக்கக் கூடாது, கையில் வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டிலிருந்து இறக்கவும் கூடாது. குவாரிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது கண்ணில் படாமல் போன செய்தி. திருநெல்வேலி மாவட்டத்தில் ராதாபுரம், வள்ளியூர், பணகுடிப் பக்கம் பாறையில் வெடி வைத்துப் பிழைக்கிற எங்களுக்கு, இத்தனை வருஷம் கைக்குப் பழகிய வேலையே மாறிப்போன செய்தி. அதற்குப் பதிலாக வந்திருப்பது கரண்டே தேவைப்படாத நோனல் கேப்பு. மாற்றம் நல்லதுதான். ஆனால் "இனிமே என்ன அண்ணாச்சி, நோனல் வந்தாச்சு, பயமே இல்ல" என்று குவாரி முதலாளிகளும் ஹிட்டாச்சி ஓட்டுகிற பையன்களும் பேசுவதைக் கேட்கக் கேட்க, இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வெடிக்கிற வெடிக்கு நாங்கள் தயாராகத்தான் இருக்கிறோம். சிவப்புக் கொடி நட்டு, நாலு பக்கமும் ஆள் நிறுத்தி, சைரன் அடித்து, வழியை மறித்துவிட்டுத்தான் போடுகிறோம். ஆளைக் கொல்வது பெரும்பாலும், பாறையில் டிரில் போட்டு மருந்து நிரப்பியும் வெடிக்காமல் தங்கிவிட்ட குழி. அது வெடிவைத்தவனைக்கூட விட்டுவிடும். மறுநாள் அதே இடத்தில் டிரில் போட வருகிறவனையும், கல்லை அள்ள வாளியை இறக்குகிற ஹிட்டாச்சி ஆபரேட்டரையும்தான் பிடிக்கும்.

நான் முதலில் இந்த வேலையைப் பழகியது கிணற்றில். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும், அதற்குமேல் கம்ப்ரசர் டிராக்டரைக் கொண்டுவந்து குழி போட்டு வெடி வைத்துத்தான் இறங்க முடியும். அப்போது திரி வெடி. ஒரு அடி திரி எரிய அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அந்தக் கணக்கை வைத்துத் திரியை நீளமாக விட்டு, பற்றவைத்துவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். மேலே வந்ததும் யாரும் பேசக் கூடாது, ஏனென்றால் மேஸ்திரியும் இன்னொருவரும் வெடியை எண்ணுவார்கள். திரி ஒவ்வொன்றாகப் போய்ச் சேருவதால் சத்தமும் ஒவ்வொன்றாக வரும். "எத்தன வே?" "ஏழு." "எனக்கு ஆறுதான கேட்டுச்சு." அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லாரும் உடைமர நிழலில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இரண்டு வெடி ஒன்றாகச் சேர்ந்து கேட்டிருக்கலாம் என்று யாராவது சொன்னாலும் மேஸ்திரி அரை மணி நேரத்துக்குக் குறைந்து யாரையும் இறங்க விடமாட்டார். தோட்டக்காரர் வந்து கத்துவார், கூலி கேட்கும்போது மட்டும் வேகமாக வருகிறீர்களே என்பார். மேஸ்திரி காதில் அது ஏறவே ஏறாது. வெடியை இரண்டு பேர் எண்ண வேண்டும் என்பது சுரங்கச் சட்டத்திலும் இருக்கிறது என்று பிளாஸ்டர், அதாவது லைசென்ஸ் உள்ள வெடிவைப்பவர், ஆவதற்கான பரீட்சைக்குப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்ட அந்த மனிதர் தன் தொழிலிலிருந்தே அதைத் தெரிந்து வைத்திருந்தார்.

அப்புறம் குவாரிக்கு வந்தேன், எலக்ட்ரிக் கேப்பு. எல்லாக் குழியையும் ஒயரில் கோத்து, தூரத்தில் நின்று எக்ஸ்புளோடர் என்கிற கரண்டுப் பெட்டியில் அடிப்பது. குழிக்குக் குழி மில்லிசெகண்ட் கணக்கில்தான் இடைவெளி, காதில் விழுவது ஒரே உறுமல். எண்ணுகிற வேலை அதோடு போயிற்று. பதிலுக்கு ஒரு வசதி இருந்தது. அடிப்பதற்கு முன்னால், தள்ளி நின்று, ஓம் மீட்டரை வைத்து சர்க்யூட் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், எங்கேயாவது இணைப்பு விட்டிருந்தால் முள் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எந்தக் கரண்டு அந்தக் கேப்பை வெடிக்க வைக்கிறதோ அதே கரண்டு வேறு எங்கிருந்து வந்தாலும் அது வெடிக்கும். அதுதான் அதன் கேடு. எங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள், ஆரல்வாய்மொழிக் கணவாயில் வருகிற காற்றை நம்பி நட்ட காற்றாலைகள், அவற்றிலிருந்து போகிற உயர் அழுத்தக் கம்பிகள், அதன் பக்கத்திலேயே குவாரி. அந்தக் கம்பிக்குக் கீழே ஒயரை விரித்துப்போட்டுக் குழிக்கு மருந்து ஏற்றிய நாட்களில் கைபேசியை எல்லாம் அணைத்து வண்டியில் வைத்துவிட்டுத்தான் வருவோம். சித்திரை வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து இடி கேட்டால், பாதிக் குழி நிரப்பியிருந்தாலும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவிட வேண்டும். மின்னல் எங்கோ தூரத்தில் விழுந்தாலும் ஒயரில் ஏறும் கரண்டு போதும். இந்தக் கேப்பு திருட்டுத்தனமாக வெளியே போய்க் கெட்ட காரியத்துக்குப் பயன்பட்டதையும் நாடு பார்த்திருக்கிறது. ஆகையால் அது ஒழிந்ததில் எனக்கு வருத்தமே கிடையாது.

இப்போது நோனல். துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கயிறு மாதிரி ஒரு மெல்லிய குழாய், உள்ளே சுவரில் துளியளவு மருந்துப் பூச்சு. ஒரு முனையில் தட்டினால் அதிர்வலை உள்ளுக்குள்ளேயே செகண்டுக்கு 2000 மீட்டர் வேகத்தில் ஓடிக் கேப்பைப் போய்ச் சேரும். காற்றாலைக் கம்பிக்கும் கைபேசிக்கும் அது அசையாது. இடி இடித்தால் மட்டும் இப்போதும் விலகித்தான் ஆக வேண்டும், மின்னல் நேராக விழுந்தால் எந்த மருந்தும் தாங்காது.

ஆனால் ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. நோனலில் மீட்டர் வைத்துப் பார்க்க வழியே கிடையாது. இணைப்பு சரியாக விழுந்திருக்கிறதா, குழாய் எங்கேயாவது கல் முனையில் நசுங்கியிருக்கிறதா, மருந்து ஏற்றும்போது யாருடைய கால் பட்டாவது விலகியிருக்கிறதா, எல்லாவற்றையும் குழி குழியாக நடந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். அடித்த பிறகும் ஆபத்து உண்டு. முன்னால் வெடித்த குழியிலிருந்து கிளம்புகிற கல், பின்னால் வெடிக்க வேண்டிய குழிக்குப் போகிற மேல் குழாயை அறுத்துவிடலாம். அதற்காகத்தான் மேலே இருக்கிற இணைப்பில் தாமதத்தைக் குறைவாகவும், குழிக்குள் போகிற கேப்பில் கூடுதலாகவும் வைக்கிறார்கள், கல் பறப்பதற்குள் தகவல் எல்லாக் குழிக்கும் இறங்கிவிட வேண்டும் என்று. அப்படியும் சில நேரம் அறுந்துவிடும். தடை செய்த எலக்ட்ரிக் கேப்பு வேறு, எலக்ட்ரானிக் கேப்பு வேறு; உள்ளே சிப் வைத்த இந்த எலக்ட்ரானிக் கேப்பில் ஒவ்வொன்றையும் கருவியில் பார்த்துக்கொள்ளலாம், என்னைக் கேட்டால் எல்லாக் குவாரியும் அதற்குத்தான் போக வேண்டும். விலை அதிகம் என்பதால் எங்கள் பக்கத்துச் சின்னக் குவாரிகள் நோனலோடு நிற்கின்றன.

அப்படியென்றால் வெடி முடிந்த பிறகு பிளாஸ்டர் உள்ளே போய்ப் பார்க்கிற அந்த நடைதான் எல்லாம். தூசியும் புகையும் அடங்கியதும் மேலிருந்து குவியலைப் பார்க்க வேண்டும். ஒரு வரிசை முழுக்க எழும்பிக் கலைந்திருக்கும்போது நடுவில் ஒரு திட்டு மட்டும் எழும்பாமல் நின்றால், குழி வாயில் அடைத்த பொடி அப்படியே இருந்தால், கல்லுக்கிடையே குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே கொடி நட்டு வேலையை நிறுத்த வேண்டும். குழாயைப் பிடித்து இழுக்கக் கூடாது, அடைத்ததைத் தோண்டி எடுக்கக் கூடாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, பழைய குழியைத் தொடாத திசையில் வேறு குழி போட்டு வெடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆழமான குழி என்றால் அதைவிட நிறையவே தள்ளிப் போடுவதுதான் புத்தி, ஏனென்றால் டிரில் உள்ளே போகப் போக எந்தப் பக்கம் சாய்கிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. வெடித்துப் பாதி நிற்கிற பழைய குழியின் அடியில் திரும்ப டிரில்லை வைப்பது இன்னொரு கொலைகாரப் பழக்கம். டிரில் ஆட்களுக்கு அது சுளுவான இடம், டிரில் முனை வழுக்காமல் உட்காரும். அடியில் மிச்ச மருந்து கிடந்தால் அன்றைக்கே முடிந்தது.

இந்த நடைக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை. ஹிட்டாச்சிக்கு மணி கணக்கில் வாடகை, வெளியே கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசையில், மீதி மருந்தை எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் மேகசினுக்கு, அதாவது வெடிமருந்துக் கிடங்குக்கு, திரும்ப வேண்டிய வேன் டிரைவர். நான் வேலை பார்த்த ஒரு குவாரியில் நான் கைகாட்டுவதற்கு முன்னாலேயே ஹிட்டாச்சியை இறக்கச் சொல்லிவிட்டார்கள். ஆபரேட்டர் தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் வாளிக்கு முன்னால் போய் நின்றேன், பெரிய சண்டையாகிவிட்டது, அந்தக் குவாரிக்கு அப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு எல்லாக் குழியும் வெடித்துத்தான் இருந்தது, ஆனால் பார்த்த பிறகுதானே அது தெரிந்தது.

முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் 2022 மே 14 ராத்திரி பாறை சரிந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. கல் அள்ளிக்கொண்டிருந்த ஆறு பேர் ஏறக்குறைய 300 அடிப் பள்ளத்தில் சிக்கி, நாலு பேர் போய்ச் சேர்ந்தார்கள். சரிந்தது பக்கச் சுவர். அதையும் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது: நாங்கள் வைக்கிற ஒவ்வொரு வெடியும் அள்ளுகிற கல்லை மட்டும் உடைப்பதில்லை, நிற்கிற சுவருக்குள்ளும் விரிசலை அனுப்புகிறது. படி படியாக, 6 மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல், உயரத்துக்குக் குறையாத அகலம் விட்டு வெட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருப்பது அதனால்தான். படி விடாமல் நேராகக் கீழே இறங்குகிற பள்ளத்தில் வெடிக்காத குழியைத் தேட மேலிருந்து நிற்கக்கூட இடம் கிடையாது. பிளாஸ்டரும் உயிரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லிவிடுகிறான்.

ஹிட்டாச்சி, டிரில் தம்பிகளே, பிளாஸ்டர் கை காட்டாமல் இறங்காதீர்கள். "எல்லாம் வெடிச்சிட்டா, பாத்தீங்களா?" என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, என்னிடம் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கிணறு வெட்டுகிற கம்ப்ரசர் ஆட்களிடம் ஒன்று. பழைய எலக்ட்ரிக் கேப்பு செட்டிலோ மோட்டார் ரூம் பரணிலோ கிடந்தால், தடைக்குப் பிறகு அது வைத்திருக்கவே கூடாத சாமான். தீயில் போடாதீர்கள், கிணற்றிலும் போடாதீர்கள், பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுப்பார்கள். பழைய குவாரிக் குட்டைப் பக்கம் ஆடு மேய்க்கிற ஆச்சிகளுக்கும், குளிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் கேப்பு எப்படி இருக்கும் என்று சொல்லி வையுங்கள்: விரல் நீளத்தில் பளபளவென்று ஒரு உலோகக் குழாய், ஒரு முனையில் ஒயரோ பிளாஸ்டிக் குழாயோ தொங்கும். எடைக்குப் போடலாம் என்று பல்லால் கடித்து ஒயரை உருவுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்டால் தொடாமல் 112-க்கு அடிக்கச் சொல்லுங்கள்.