ஒரிஜினலா என்று கேட்பவர்களுக்கு

புல்லட் மாதிரி பழைய பைக் வைத்திருப்பவர்களில் ஒரு சிலர் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். வண்டியை நிறுத்தியதுமே "டேங்க் ஒரிஜினலா? எஞ்சின் நம்பர் மேட்ச் ஆகுதா?" என்று விசாரணை. பழைய பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தால் முகம் திரும்பிவிடும். யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டும் பையன்களைக் கண்டுகொள்வதே இல்லை.

திருவொற்றியூரில் இருந்துகொண்டு இதை எப்படிப் பொறுப்பது? 1955-ல் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், அப்புறம் எல்லாமே இங்கே. ரெடிட்ச் ஆலை மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு ஷிஃப்டுக்குப் போனவர்கள் செய்த வண்டி அது. அதில் என்ன மேட்டுக்குடித்தனம்?

காசிமேட்டு உப்புக்காற்றில் குரோம் துருப்பிடிக்கத்தான் செய்யும். தினமும் ஓடுகிற வண்டியில் பாகங்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

போன மழையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் என் வண்டி நின்றுவிட்டது. யெஸ்டி பைக்கில் வந்த ஒரு அண்ணன், கேட்காமலேயே இறங்கி, ஸ்பார்க் வரவைக்கும் பாயிண்டை எமரி பேப்பரால் தேய்த்து ஓடவைத்துவிட்டுப் போனார். என் வண்டி எந்த வருஷத்து மாடல் என்றுகூட அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த பெரும்பாலானவர்கள் இப்படித்தான்.

ஆர்வமாக ஒரு பையன் வந்து நின்றால், வலப்பக்க கியரைக் காட்டுங்கள். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாகக் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுவிட்டு உதைக்கச் சொல்லிக்கொடுங்கள். முதல் உதையை அவனே உதைக்கட்டும்.